பூமியின் வெப்பம் எங்கிருந்து வருகிறது? சூரியனும் பிற மூலங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூமிக்கு வெப்பம் தருவது சூரியன் என்று தொடக்கப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். எரிமலை, வெந்நீர் ஊற்று, ஆழ்சுரங்கம், அணு உலை, நிலக்கரி ஆகியவற்றைப் பற்றிப் படிக்கும்போது, அந்த எளிய விடை முழுமையானதுதானா என்ற ஐயம் எழுகிறது. இந்த ஐயங்கள் பெரும்பாலும் ஒரே குழப்பத்திலிருந்து பிறக்கின்றன: ஒரு பொருள் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதும், அதிலிருந்து ஒரு நொடிக்கு எவ்வளவு வெப்பம் நம்மை வந்தடைகிறது என்பதும் வெவ்வேறு செய்திகள். கீழுள்ள விடைகளில் இந்த வேறுபாடு பலமுறை தலைகாட்டும்.

பூமியின் பரப்புக்குக் கிடைக்கும் வெப்பத்தில் சூரியனின் பங்கு எவ்வளவு?

ஏறத்தாழ முழுவதும் என்றே சொல்லலாம். பூமியின் மீது விழும் சூரிய ஆற்றல் நொடிக்கு நொடி சுமார் 1,73,000 டெராவாட் ஆகும். ஒரு டெராவாட் என்பது ஒரு லட்சம் கோடி வாட். இதில் பத்தில் மூன்று பங்கை மேகங்களும் பனிப்பரப்புகளும் மணல்வெளிகளும் விண்வெளிக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றன. எஞ்சியதை இரவு பகல், துருவம் நடுக்கோடு என்ற வேறுபாடு பாராமல் பூமி முழுவதற்கும் பங்கிட்டால், ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 240 வாட் வருகிறது. பூமியின் உள்ளிருந்து கசிந்து வெளியேறும் வெப்பமோ மொத்தம் 47 டெராவாட். ஒரு சதுர மீட்டருக்கு 0.09 வாட். முன்னது பின்னதைப் போல ஏறத்தாழ 2,600 மடங்கு.

ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். மேகமற்ற கோடை நண்பகலில் அதன் மீது விழும் வெயில் 90 கிலோவாட்டுக்கும் அதிகம்; நாற்பதுக்கும் மேற்பட்ட மின் அடுப்புகளை ஒரே நேரத்தில் முழு வேகத்தில் எரியவிட்டதற்கு அது சமம். அதே ஆயிரம் சதுர அடி நிலத்தின் அடியிலிருந்து மேலேறி வரும் பூமியின் உட்சூடு சுமார் 8 வாட். கூடத்தில் மாட்டியிருக்கும் ஒரு எல்.இ.டி. விளக்கின் அளவு.

பூமியின் மையம் சூரியனின் மேற்பரப்பைப் போலவே சூடானது என்கிறார்கள். அப்படியானால் நம் காலடி ஏன் சுடவில்லை?

அவர்கள் சொல்வது சரிதான். பூமியின் உட்கருவத்தின் வெப்பநிலை 5,000 டிகிரி செல்சியஸுக்கும் மேல். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி. ஆனால் சூரியனுக்கும் நமக்கும் இடையே இருப்பது வெற்று வெளி. ஒளி 8 நிமிடம் 20 நொடியில் அதைக் கடந்துவிடுகிறது. நமக்கும் பூமியின் மையத்துக்கும் இடையே 6,370 கிலோமீட்டர் பாறையும் உலோகமும் கிடக்கின்றன. பாறை வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். கீழே உலை கொதித்தாலும் மேல்தரை குளிர்ந்திருப்பதற்குக் காரணம் இந்தத் தடித்த மூடிதான்.

மூடிக்குள் கொஞ்சம் இறங்கிப் பார்த்தவர்களுக்கு உலையின் இருப்பு தெரியும். பொதுவாக ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் 25 முதல் 30 டிகிரி வரை வெப்பநிலை உயரும். கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் சென்றது. அதன் அடியாழத்தில் பாறையின் சூடு 65 டிகிரியை ஒட்டியிருந்தது. மேலிருந்து குளிர்ந்த காற்றை இறக்காமல் அங்கே வேலை செய்வது இயலாத காரியம். தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்று தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்த தொழிலாளர்களுக்குப் பூமியின் உட்சூடு என்பது பாடநூல் செய்தி அன்று. இத்தனைக்கும் கோலார் அமைந்திருப்பது மிகப் பழைய, வெகுவாகக் குளிர்ந்துவிட்ட பாறை நிலத்தில்; இளம் பாறைகளைக் கொண்ட பகுதியில் அதே ஆழம் 100 டிகிரியையும் தாண்டியிருக்கும். ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970-இல் தொடங்கித் தோண்டப்பட்ட ஆய்வுத் துளை 1989-இல் 12,262 மீட்டரை எட்டியபோது, 100 டிகிரியை எதிர்பார்த்தவர்கள் 180 டிகிரியைச் சந்தித்தார்கள். அந்தச் சூட்டில் பாறை இளகித் துளையை அடைக்க முயன்றதால் மேற்கொண்டு இறங்க முடியவில்லை. பூமியின் ஆரத்தில் அது ஐந்நூற்றில் ஒரு பங்கு ஆழம்கூட இல்லை.

மார்கழி அதிகாலையில் கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருக்கிறதே, அது பூமியின் உட்சூடு அல்லவா?

அன்று. அதுவும் வெயில்தான், பழைய வெயில். பகலுக்கும் இரவுக்கும் இடையிலான சூட்டு வேறுபாடு மண்ணுக்குள் இரண்டு மூன்று அடி இறங்குவதற்குள் மங்கிவிடும். கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையிலான வேறுபாடு பத்து மீட்டர் ஆழத்தை ஒட்டி அநேகமாக மறைந்துவிடும். அதற்குக் கீழே, ஆண்டு முழுவதும் அந்த ஊரின் சராசரி வெப்பநிலையே நிலவும். தமிழகச் சமவெளிகளில் அது 27, 28 டிகிரி. வெளிக்காற்று 20 டிகிரிக்கு இறங்கிய மார்கழி விடியலில் அந்த நீர் உடலுக்கு இதமாக இருக்கிறது. அதே நீர் சித்திரை நண்பகலில் குளிர்ந்திருப்பதாகத் தோன்றும். மாறியது நீரன்று, நம் தோல்.

வெந்நீர் ஊற்றுகளுக்கும் இதுதான் விளக்கமா?

இல்லை, அங்கே உண்மையிலேயே உட்சூடு வேலை செய்கிறது. மழைநீர் பாறைப் பிளவுகள் வழியாக ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள சூட்டை வாங்கிக்கொண்டு, ஆறுவதற்கு முன்பே வேறொரு பிளவு வழியாக மேலே வந்துவிடுகிறது. இதற்கு எரிமலை தேவையில்லை. திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இதற்குத் தக்க சான்று. இலங்கையில் உயிருள்ள எரிமலை ஒன்றுகூட இல்லை. இமயமலையில் மணிகரணும் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கும் நிலத்தட்டுகள் மோதிக்கொள்ளும் பகுதியில் இருப்பதால் அங்கே நீர் இன்னும் சூடாக வெளிவருகிறது.

வெப்பம் இவ்வாறு குறுக்கு வழியில் மேலேறும் இடங்களில் மட்டுமே உட்சூடு மனிதருக்குப் பயன்படும் அளவுக்குக் குவிகிறது. இத்தாலியின் லார்டரெல்லோவில் 1904-இல் நிலத்தடி நீராவியைக் கொண்டு ஐந்து மின்விளக்குகளை எரியவைத்தார்கள். புவிவெப்ப மின்சாரம் அங்கே தொடங்கியது. ஐஸ்லாந்தில் இன்று பத்தில் ஒன்பது வீடுகள் நிலத்தடி வெந்நீரால்தான் கதகதப்பாக இருக்கின்றன. ஐஸ்லாந்தைக் காட்டி எல்லா ஊர்களிலும் இது இயலும் என்று சொல்வது மிகை.

பூமிக்குள் இந்தச் சூடு எப்படி வந்தது? இத்தனை கோடி ஆண்டுகளாக ஏன் ஆறவில்லை?

454 கோடி ஆண்டுகளுக்கு முன் பாறைத் துண்டுகள் ஒன்றோடொன்று மோதித் திரண்டு பூமி உருவானபோது பிறந்த சூடு ஒரு பகுதி. இரும்பு உருகி மையத்துக்கு இறங்கிக் கருவமாகத் திரண்டபோது பிறந்தது இன்னொரு பகுதி. யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 ஆகிய கதிரியக்கத் தனிமங்கள் சிதைவதால் இன்றும் பிறந்துகொண்டிருப்பது மூன்றாவது.

இந்த விடைக்கு வந்து சேர்ந்த கதையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1862-இல் பிரிட்டிஷ் இயற்பியலாளர் கெல்வின் பிரபு, உருகிய நிலையிலிருந்த பூமி இன்றைய நிலைக்கு ஆற எவ்வளவு காலம் ஆகும் என்று கணக்கிட்டு, பூமியின் வயது 2 கோடி முதல் 40 கோடி ஆண்டுகளுக்குள் இருக்கும் என்றார்; பிற்காலத்தில் அதை 4 கோடிக்குள் சுருக்கினார். நிலவியலாளர்களுக்கும் டார்வினுக்கும் அந்தக் காலம் போதவில்லை. ஆனால் கெல்வினின் கணிதத்தை எதிர்த்து நிற்க அவர்களால் இயலவில்லை. 1896-இல் பெக்கரல் கதிரியக்கத்தைக் கண்டறிந்தார். 1903-இல் பியர் கியூரியும் லபோர்டும் ரேடியம் ஓயாமல் வெப்பம் வெளியிடுவதை அளந்தார்கள். 1904-இல் இலண்டனில், கெல்வின் அவையில் அமர்ந்திருக்க, பூமிக்குள் புதியதொரு வெப்ப மூலம் இருப்பதாக ரூதர்ஃபோர்டு உரையாற்றினார். கெல்வினை வீழ்த்தியது கதிரியக்கமே என்று பெரும்பாலான நூல்கள் கதையை இங்கே முடித்துவிடுகின்றன.

அது பாதி உண்மை. கெல்வினின் முன்னாள் உதவியாளரான ஜான் பெர்ரி, கதிரியக்கம் கண்டறியப்படுவதற்கு முந்தைய ஆண்டான 1895-இலேயே பிழை எங்கே என்று காட்டிவிட்டார். பூமி உள்ளும் புறமும் இறுகிய பாறை என்று கெல்வின் எடுத்துக்கொண்டார். உட்பகுதி மெல்ல மெல்ல ஓடக்கூடியதாக இருந்தால், கீழுள்ள சூடு வெப்பச்சலனத்தால் மேலே வந்துகொண்டே இருக்கும். மேலோட்டுக்கு அருகே அளக்கப்படும் சூட்டு உயர்வு குறையாமல் நீடிக்கும். பூமியின் வயது இருநூறு, முந்நூறு கோடி ஆண்டுகளாகவும் இருக்கலாம் என்றார் பெர்ரி. இன்றைய கணக்கீடுகள் அவர் பக்கமே நிற்கின்றன: கெல்வினின் கணக்கில் கதிரியக்க வெப்பத்தை மட்டும் சேர்த்தால் விடை பெரிதாக மாறுவதில்லை, மேலோட்டுக்கும் கருவத்துக்கும் இடையிலுள்ள பாறை அடுக்கான கவசப் பகுதி நகர்கிறது என்று ஒப்புக்கொண்டால்தான் மாறுகிறது. அன்று பெர்ரியைக் கேட்பார் அதிகம் இல்லை.

கதிரியக்கத்தின் பங்கை இப்போது நேரடியாகவே எடைபோட முடிகிறது. சிதைவின்போது வெளிப்படும் நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்களை ஜப்பானின் காம்லாண்ட் கருவி எண்ணிப் பார்த்து 2011-இல் வெளியிட்ட முடிவின்படி, யுரேனியமும் தோரியமும் சேர்ந்து தருவது சுமார் 20 டெராவாட். பொட்டாசியத்தையும் கூட்டினால் மொத்தத்தில் ஏறத்தாழப் பாதி. மீதி பிறவிச் சூடு.

சூரியன் எரிகிறது என்று சொல்வது சரியா?

பேச்சு வழக்கில் சரி, வேதியியலில் தவறு. எரிதலுக்கு ஆக்சிஜன் வேண்டும். சூரியனின் மையத்தில் 1.5 கோடி டிகிரி வெப்பநிலையில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாகின்றன. ஒவ்வொரு நொடியும் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் இவ்வாறு மாற, அதில் 40 லட்சம் டன்னுக்கும் சற்று அதிகமான நிறை ஆற்றலாகி வெளியேறுகிறது. இந்த இணைவுதான் சூரியனின் ஆற்றல் என்று எடிங்டன் 1920-இல் ஊகித்தார். அது நடக்கும் படிகளை ஹான்ஸ் பெத்தே 1939-இல் விளக்கினார்.

சூரியன் கொழுந்துவிட்டு எரியும் உலை என்ற எண்ணத்தையும் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். ஒரு வாட் ஆற்றலைத் தர ஐந்து டன் சூரியப் பொருள் தேவைப்படுகிறது. சும்மா அமர்ந்திருக்கும் 60 கிலோ மனிதர் 100 வாட்டை ஒட்டி வெப்பம் வெளியிடுகிறார். எடைக்கு எடை ஒப்பிட்டால் நாம் சூரியனைவிடப் பல்லாயிரம் மடங்கு சுறுசுறுப்பானவர்கள். சூரியனின் வலிமை வேகத்தில் இல்லை, பருமனில் இருக்கிறது. இந்த மந்தகதியால்தான் அது 450 கோடி ஆண்டுகளுக்கு மேலாகத் தீராமல் நிற்கிறது.

ஹீலியம் பற்றி ஒரு சொல். 1868 ஆகஸ்ட் 18 அன்று இந்தியாவில் தெரிந்த முழுச் சூரிய கிரகணத்தைக் குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் தலைவர் போக்சனும் ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைக் கருவியோடு பார்த்தார்கள். சூரிய விளிம்பின் ஒளியில் தென்பட்ட மஞ்சள் கோடு, அதற்கு முன் அறியப்படாத தனிமத்தின் அடையாளம் என்று பிறகு ஆங்கிலேய வானியலாளர் லாக்யர் முடிவு செய்தார். அந்தத் தனிமம் பூமியில் 1895-இல் ராம்சேயின் கையில் சிக்கியது. அதுவும் யுரேனியம் கலந்த ஒரு கனிமத்துக்குள்ளிருந்து. காரணம் இதுதான்: யுரேனியமும் தோரியமும் சிதையும்போது வெளிவரும் ஆல்பாத் துகளே ஹீலிய அணுக்கரு. சூரியன் தரும் வெப்பத்துக்கும் பூமிக்குள் பிறக்கும் கதிரியக்க வெப்பத்துக்கும் சாம்பல் ஒன்றேதான். திருவிழாவில் குழந்தைகள் பிடித்திருக்கும் பறக்கும் பலூனில் இருப்பது, பூமியின் உட்சூடு விட்டுச்சென்ற சாம்பல்.

சூரியன் அருகில் வரும்போதுதானே கோடை?

நேர்மாறு. பூமி சூரியனுக்கு மிக அருகில், அதாவது 14.7 கோடி கிலோமீட்டரில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில். மிகத் தொலைவில், 15.2 கோடி கிலோமீட்டரில் இருப்பது ஜூலைத் தொடக்கத்தில். பருவங்களை ஆள்வது பூமியின் அச்சுச் சாய்வு.

அப்படியானால் கத்திரி வெயில் ஏன் மே மாதத்தில் வருகிறது? சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது ஏப்ரலில் அல்லவா?

ஆம், சென்னையில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்பது ஏப்ரல் கடைசி வாரத்திலும், மீண்டும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும். அடுப்பை முழுதாக ஏற்றிய கணத்தில் பால் பொங்குவதில்லை. வரும் வெப்பம் போகும் வெப்பத்தைவிட மிகுந்திருக்கும் வரை நிலம் சூடேறிக்கொண்டே போகும். ஆகவே உச்ச வெப்பம் உச்சிச் சூரியனுக்குச் சில வாரங்கள் பின்தங்குகிறது. அத்துடன், மே மாதத்தில் மேற்கிலிருந்து வீசும் வறண்ட தரைக்காற்று வலுத்துக் கடற்காற்றை உள்ளே விடாமல் தடுக்கும் நாட்களில் சென்னை தகித்துவிடும். 2003 மே இறுதியில் 45 டிகிரி பதிவானது. ஆகஸ்டில் அதே உச்சிச் சூரியன் நின்றும் அவ்வளவு சுடாததற்குக் காரணம், தென்மேற்குப் பருவக்காற்றின் மேகங்களும் மாலை மழையும் ஈர மண்ணும்.

மலை உச்சி சூரியனுக்குப் பக்கம்தானே, உதகை ஏன் குளிர்கிறது?

15 கோடி கிலோமீட்டரில் இரண்டு கிலோமீட்டர் ஒரு பொருட்டன்று. காற்று வெயிலால் நேரடியாக அதிகம் சூடேறுவதில்லை; வெயிலில் சூடான தரைதான் காற்றைச் சூடாக்குகிறது. மேலேறும் காற்று அழுத்தம் குறைந்து விரிவதால் குளிர்கிறது. கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி.

பசுமை இல்ல வாயுக்கள் வெப்ப மூலமா?

மூலமன்று, கம்பளி. சூரியனிடமிருந்து கிடைப்பதை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை −18 டிகிரியாக இருக்க வேண்டும். உண்மையில் அது சுமார் 15 டிகிரி. தரையிலிருந்து மேலே செல்லும் அகச்சிவப்புக் கதிர்களை நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் பிடித்து, ஒரு பகுதியைக் கீழே திருப்புகின்றன. இவ்வாறு காற்று மண்டலத்திலிருந்து தரைக்குத் திரும்பும் வெப்பம், தரை நேரடியாக உள்வாங்கும் வெயிலைப் போல ஏறத்தாழ இரு மடங்கு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஆயினும் அதில் ஒரு வாட்கூடப் புதிதாகப் பிறந்ததன்று. வெயில் கொடுத்ததே வெளியேறும் முன் சுற்றிச் சுற்றி வருகிறது. மேகம் மூடிய இரவில் புழுங்குவதற்கும் இதுவே காரணம்.

உலகம் சூடாவதற்குச் சூரியனே காரணமாக இருக்கலாமே? அல்லது நாம் எரிக்கும் எரிபொருளின் சூடு?

இரண்டும் இல்லை. 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரிய ஆற்றலை இடைவிடாமல் அளந்து வருகின்றன. பதினோர் ஆண்டுச் சுழற்சியில் அது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே ஏறி இறங்குகிறது. வெப்பமாதலை விளக்கக்கூடிய ஏறுமுகம் அதில் இல்லை. மேலும், சூரியன் காரணமாக இருந்தால் காற்று மண்டலத்தின் மேலடுக்கும் சூடேற வேண்டும், அதுவோ குளிர்ந்துகொண்டிருக்கிறது.

மனிதர்கள் பயன்படுத்தும் மொத்த ஆற்றல் சுமார் 20 டெராவாட். அது முழுதும் வெப்பமாகவே முடிந்தாலும் உலகப் பரப்பில் சதுர மீட்டருக்கு 0.04 வாட்தான். அதே எரிபொருள் வெளியிட்டுக் காற்றில் சேர்ந்துவிட்ட கார்பன் டை ஆக்சைடு பிடித்துவைக்கும் வெப்பமோ சதுர மீட்டருக்கு 2 வாட்டுக்குச் சற்று மேல். நெருப்பைவிடப் புகை ஐம்பது மடங்கு சுடுகிறது. நெருக்கமான நகரத் தெருக்களில் மட்டும் நிலைமை வேறு. வண்டிகளும் குளிர்சாதனங்களின் வெளிப்பெட்டிகளும் கக்கும் சூடு அங்கே உணரக்கூடிய அளவில் சேரும்.

எரிமலைகள் உலகைச் சூடாக்குகின்றனவா?

பெரிய வெடிப்புகள் குளிரவைக்கின்றன. 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ வெடித்தபோது உயரே சென்ற கந்தகத் துகள்கள் வெயிலை மறைத்ததால், உலகச் சராசரி வெப்பநிலை சுமார் அரை டிகிரி தாழ்ந்தது.

நிலவிலிருந்து வெப்பம் வருகிறதா?

முழுநிலவின் ஒளி சூரிய ஒளியில் நான்கு லட்சத்தில் ஒரு பங்கு, அதைப் புறக்கணிக்கலாம். நிலவின் உண்மையான வெப்பப் பங்களிப்பு ஓதங்கள், அதாவது கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கங்கள், வழியே வருகிறது. கடல்நீரை அது இழுத்து அலைக்கழிப்பதால் உராய்வில் சுமார் 3 டெராவாட் வெப்பம் பிறக்கிறது. அதற்கான விலையைப் பூமியின் சுழற்சி கொடுக்கிறது: நாள் மிக மிக மெதுவாக நீள்கிறது, நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப் போகிறது.

நாம் பயன்படுத்தும் ஆற்றல்களில் சூரியனுக்குக் கடன்படாதது எது?

விறகு, சாணம், நிலக்கரி, நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி, பெட்ரோல் ஆகிய யாவும் தாவரங்களும் கடல் நுண்ணுயிர்களும் சேமித்த வெயில். ஆரல்வாய்மொழிக் கணவாயில் சுழலும் காற்றாலையும் மேட்டூர் அணையின் மின்சாரமும் இன்றைய வெயிலின் வேலை. புவிவெப்பம், ஓதம், அணு ஆற்றல் ஆகிய மூன்றே விலக்கு. இவற்றுள் முதலாவதும் மூன்றாவதும் நெருங்கிய உறவு. கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலுள்ள மோனசைட் என்ற கனிமத்தில் தோரியம் இருக்கிறது. அதன் அரை ஆயுட்காலம், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், 1,400 கோடி ஆண்டுகள். அது நம் சூரியன் தோன்றும் முன்பே அழிந்துபோன வேறு விண்மீன்களின் இறுதி நேர்ச்சிகளில் உருவான பொருள். அணு உலையிலோ பூமியின் கவசத்திலோ அது வெளியிடும் சூடு, அந்த விண்மீன்கள் வைத்துவிட்டுப் போனது.

சூரியன் திடீரென அணைந்தால், உட்சூடு நம்மைக் காக்குமா?

காக்காது. உட்சூட்டை மட்டும் நம்பியிருக்கும் பூமிப் பரப்பின் வெப்பநிலை, நாளடைவில் −238 டிகிரியை ஒட்டி நிலைகொள்ளும். நைட்ரஜனும் ஆக்சிஜனும் உறைந்து பனியாகத் தரையில் படிந்துவிடும். கடலின் மேற்பரப்பு உறைந்தாலும் ஆழத்தில் நீர் நெடுங்காலம் நீராகவே இருக்கும். 1977-இல் காலாபகஸ் தீவுகளுக்கு அருகே ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி, வெயிலே படாத இருளில் உயிர்க்கூட்டம் ஒன்று கண்டறியப்பட்டது. அவற்றுள் பெருங்குழாய்ப் புழுக்கள், தம்முள் வாழும் நுண்ணுயிர்களுக்காகக் கடல்நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. அந்த ஆக்சிஜனைத் தந்தது மேலே வெயிலில் வளர்ந்த பாசி. அது தீர்ந்த பிறகும் தாக்குப்பிடிக்கக்கூடியவை, ஆக்சிஜன் இல்லாமலே ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் கொண்டு வாழும் சில நுண்ணுயிர்கள் மட்டுமே.